மாணவர் சேவையில் உரையாடும் வலைப்பக்கங்கள்

பல்கலைக் கழக அலுவலகத்தின் விசாரணைக் கவுண்டர் அருகே ஒரு நாள் அமர்ந்து, அங்கு வரும் மாணவர்கள் கேட்பனவற்றைக் கவனிப்போமானால் ஓர் உண்மை விளங்கும். புதிதாக ஒன்றை வேண்டி வருவோர் சிலர். முன்னரே வேண்டிக்கொண்ட ஒன்று என்ன ஆயிற்று என அறிய வருவோர் பலர். "தபாலில் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்ததா? செலுத்திய கட்டணம் வரவு வைக்கப்பட்டதா? மறுமதிப்பீட்டின் முடிவு எப்பொழுது? மாற்றுச் சான்றிதழ் எந்த மேஜையில் இருக்கிறது?" இக்கேள்விகளுக்கு விடை அலுவலகப் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஆயினும் மாணவர் அதனைக் காண வழியில்லை. அதன் பொருட்டே அவர் ஒரு நாள் வகுப்பை இழந்து, பஸ்ஸுக்குப் பணம் செலவிட்டு, நெடுந்தூரம் வருகிறார்.

இத்தூரத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நிறுவப்பெற்ற பல்கலைக் கழகங்கள், லண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே தோன்றின. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாக இருந்தது. பல்கலைக் கழகங்கள் தாமே ஆசிரியர்களை நியமித்துக் கற்பிப்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. எனினும் இணைப்புக் கல்லூரி முறை இன்றளவும் நீடிக்கிறது. மாணவர் ஓர் ஊரில் பயில்கிறார். அவருடைய மதிப்பெண்ணும் பட்டமும் வேறோர் ஊரில் உருவாகின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் நெடுங்காலம் காகிதமாகவே இருந்தது. அப்பாலத்தை வலைப்பக்கம் எவ்வாறு செம்மையாக்க இயலும் என்பதையும், எங்கே அதுவே புதிய இடையூறாகிவிடுகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பக்கம் பேசக் கற்ற விதம்

1989இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த உலகளாவிய வலையின் அடிப்படை மிக எளியது. மாணவரின் கம்ப்யூட்டரில் அல்லது கைபேசியில் உள்ள உலாவி என்னும் நிரல் ஒரு பக்கத்தைக் கோருகிறது. தொலைவிலுள்ள சர்வர் அதனை அனுப்புகிறது. அத்துடன் உறவு முடிந்தது. தொடக்க காலப் பக்கங்கள் அறிவிப்புப் பலகையை ஒத்தன. படிக்கலாம், பதில் கூற இயலாது.

பதில் கூறும் வழி படிப்படியாக ஏற்பட்டது. முதலாவது, நிரப்பி அனுப்பக்கூடிய படிவம். 1995இல் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பில் இது முறையாக இடம் பெற்றது. இரண்டாவது, நினைவு. சர்வர் ஒவ்வொரு கோரிக்கையையும் முன்பின் அறியாதவர் கேட்டதாகவே கருதும் இயல்புடையது. இக்குறையை நீக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பு உருவாக்கப்பட்டது. சர்வர் கொடுத்த அக்குறிப்பை உலாவி ஒவ்வொரு முறையும் திரும்பக் காட்டுவதால், சற்று முன் வந்தவர் இவரே எனச் சர்வர் அறிகிறது. மூன்றாவது, 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி. இதனால் பக்கத்தினுள்ளேயே சிறு கணக்கீடுகளைச் செய்ய முடிந்தது. நான்காவது, முழுப் பக்கத்தையும் மீண்டும் வரவழைக்காமல் தேவையான பகுதியை மட்டும் கேட்டுப் பெறும் உத்தி. 2005இல் இதற்கு ஏஜாக்ஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. 2011இல் வெப்சாக்கெட் என்னும் நெறிமுறை வரையறுக்கப்பட்ட பின்னர், மாணவர் கேளாமலேயே சர்வர் தானாகச் செய்தி அனுப்பவும் இயன்றது.

நம் நாட்டில் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கிற்று. பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று வந்தது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவில் டில்லிப் பல்கலைக் கழகத்தில் உருவான சமர்த் என்னும் மென்பொருள் தொகுதி, மாணவர் சேர்க்கை, கட்டணம், தேர்வு, விடுதி, முறையீடு முதலியவற்றை ஒரே இடத்தில் கவனிக்கிறது. ஆகவே கருவிகளுக்குக் குறைவில்லை. அவற்றை அமைக்கும் முறையே ஆராயத்தக்கது.

படிவமும் பெயரும்

நல்ல படிவம் பிழையை அது நேரும் இடத்திலேயே சுட்டிக்காட்டும். பிறந்த தேதியில் மாதத்தை 13 என எழுதினால், கீழே உள்ள பொத்தானை அழுத்தும் வரை காத்திராமல் உடனே தெரிவிக்கும். ஆயினும் உலாவி செய்யும் சோதனையை மட்டும் நம்பலாகாது. அதனைத் தவிர்த்துத் தவறான செய்தியை அனுப்ப வல்லவர் உளர். எனவே அதே சோதனையைச் சர்வரும் மறுமுறை செய்ய வேண்டும். முதற் சோதனை மாணவரின் சௌகரியத்துக்காக. இரண்டாவது பதிவேட்டின் தூய்மைக்காக. பாதி நிரப்பிய படிவத்தைச் சேமித்து வைப்பதும் இன்றியமையாதது. இல்லையேல் மின்சாரம் போனதும் ஒரு மணி நேர உழைப்பு வீணாகும்.

ஆனால் படிவம் கேட்கும் கேள்வியே தவறாக இருந்தால் என்ன செய்வது? தமிழ் மாணவர் பலர் தம் பெயருக்கு முன் தந்தையின் பெயரின் முதலெழுத்தை மட்டும் இடுகின்றனர். அவர்களுக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பியே தீரவேண்டும் எனப் படிவம் வற்புறுத்தினால், ஒருவர் முதலெழுத்தை எழுதுவார். மற்றொருவர் தந்தையின் முழுப் பெயரை எழுதுவார். வேறொருவர் தம் பெயரையே இருமுறை எழுதுவார். இவ்வாறாக ஆதாரில் ஒரு வடிவம், மதிப்பெண் பட்டியலில் ஒரு வடிவம், வங்கிக் கணக்கில் ஒரு வடிவம் எனப் பெயர் மூன்றாகிறது. 2015இல் தொடங்கிய தேசிய உதவித்தொகை இணையதளம் போன்ற ஏற்பாடுகளில் உதவித்தொகை நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. பெயர் பொருந்தவில்லை எனில் பணம் நிற்கும். அதனை நம்பிச் சேர்ந்த மாணவரின் படிப்பும் தடைப்படலாம். பெயருக்கு ஒரே நீண்ட கட்டம் அமைத்து, "பள்ளி இறுதிச் சான்றிதழில் உள்ளவாறே எழுதுக" எனக் கூறுவது இதற்கு எளிய பரிகாரம்.

கடைசி இடம் யாருக்கு?

விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் "மீதமுள்ள இடம் 1" என்று காண்கிறது. மதுரையிலிருந்து ஒரு மாணவியும் சேலத்திலிருந்து ஒரு மாணவரும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்துகின்றனர். இருவர் திரையிலும் இடம் ஒன்று உள்ளது. ஆனால் இருவருக்கும் அதனைக் கொடுக்க இயலாது.

இங்கே ஒரு விதியை நினைவில் இருத்த வேண்டும். திரையில் தெரியும் எண், அது அனுப்பப்பட்ட கணத்து நிலையே. முடிவு சர்வரின் தரவுத்தளத்தில்தான் எடுக்கப்படுகிறது. தரவுத்தளம் ஒரு கோரிக்கையை ஏற்கும்போது அவ்விடத்தைப் பூட்டி, எண்ணைக் குறைத்து, பெயரைப் பதிந்து, பின்னர் பூட்டைத் திறக்கிறது. இச்செயல்கள் யாவும் ஒன்றாக நிறைவேறும். அல்லது யாவும் நிறைவேறா. இரண்டாமவர் நுழையும்போது இடம் இராது. அவருக்கு "பிழை" என்று மட்டும் காட்டுவது முறையன்று. "இவ்விடம் சற்றுமுன் நிரம்பியது, காத்திருப்போர் வரிசையில் உம் எண் 1" என்று தெரிவிப்பதே உரையாடல் எனத் தகும்.

பணம் கழிந்தது, ரசீது வரவில்லை

மாணவர்க்கு மிகுந்த கலக்கம் தருவது கட்டணப் பக்கமே. ரூ. 1,200 தேர்வுக் கட்டணம் செலுத்தும்போது வங்கிக் கணக்கிலிருந்து தொகை கழிகிறது. அதே நொடியில் தொடர்பு அறுகிறது. பல்கலைக் கழகப் பக்கமோ கட்டணம் வரவில்லை என்கிறது. நாளை கடைசி நாள். மறுமுறை செலுத்துவதா, காத்திருப்பதா?

இந்நிகழ்ச்சியின் காரணத்தை நோக்குவோம். பணம் சேர்ந்த செய்தி பல்கலைக் கழகத்தை இரு வழிகளில் அடைய முடியும். ஒன்று, பணம் ஏற்கும் தளம் மாணவரின் உலாவியைப் பல்கலைக் கழகப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும் வழி. மற்றொன்று, அத்தளத்தின் சர்வர் பல்கலைக் கழகத்தின் சர்வருக்கு நேராகத் தெரிவிக்கும் வழி. முதல் வழி மாணவரின் கைபேசித் தொடர்பை நம்பியுள்ளது. அது எந்நேரமும் அறுந்து போகலாம். அதை மட்டும் கொண்டு அமைக்கப்பட்ட பக்கங்களே இக்குழப்பத்துக்குப் பெரிதும் காரணம். இரண்டாம் வழியையும் அமைத்து, ஐயமான கட்டணங்களைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானாக விசாரித்துச் சரிசெய்வதே தக்க முறை.

மேலும், ஒவ்வொரு கட்டணத்துக்கும் தொடக்கத்திலேயே தனி எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணுடன் செய்தி இருமுறை வந்தாலும் வரவு ஒருமுறையே வைக்கப்படும். பதிவுத் தபாலின் எண்ணைப் பார்த்து, முன்னரே பெற்ற கடிதம் இது என அறிவதை இது ஒத்தது. அதுவரை பக்கத்தில் "செலுத்தப்படவில்லை" என்று எழுதாமல், "வங்கியிடம் விசாரிக்கப்படுகிறது, மறுமுறை செலுத்த வேண்டாம், கடைசி நாள் கடந்தாலும் உம் உரிமை காக்கப்படும்" என்று எழுத வேண்டும். வங்கிகளின் பொறுப்பும் வரையறுக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. வழியே செலுத்திய தொகை கணக்கில் கழிந்து, பெறுநருக்கு உறுதிச் செய்தி கிட்டாவிடில், 5 நாட்களுக்குள் அது திருப்பப்பட வேண்டும். மேற்படும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு உண்டு. இதனைக் கட்டணப் பக்கத்திலேயே அறிவிக்கலாம்.

கடைசி நாள் நெரிசல்

சர்வர் ஒன்று நொடிக்கு 50 கோரிக்கைகளைக் கவனிக்க வல்லது எனவும், நொடிக்கு 60 கோரிக்கைகள் வருகின்றன எனவும் கொள்வோம். வேறுபாடு பத்தே. ஆயினும் பத்து நிமிடங்களில் 6,000 கோரிக்கைகள் தேங்கி நிற்கும். கடைசியில் நிற்பவர் இரண்டு நிமிடம் காத்திருக்க நேரும். அவ்வளவு நேரம் பொறுக்காமல் அவர் பக்கத்தை மறுபடியும் வரவழைக்கிறார். அவருடைய பழைய கோரிக்கையும் வரிசையில் நிற்கிறது, புதியதும் சேர்கிறது. இறுதியில், எவரும் எதிர்பார்த்து நிற்காத கோரிக்கைகளுக்கே சர்வர் விடை தயாரித்துக்கொண்டிருக்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தளம் செயலற்றுப் போவதன் உட்பொருள் இதுவே.

பெரிய சர்வர் வாங்குவது மட்டும் தீர்வாகாது. வரிசை எண் கொடுத்து, "உமக்கு முன் 3,000 பேர்; ஏறத்தாழ ஒரு நிமிடம்" எனக் காட்டினால் பலர் பொறுமையுடன் இருப்பர். முடிவுகளை டிஜிலாக்கர், குறுஞ்செய்தி முதலிய பிற வழிகளிலும் வழங்கலாம். எல்லாவற்றினும் எளியது, எல்லாத் துறைக்கும் ஒரே கடைசி நாள் விதிக்காமல் நாட்களைப் பிரித்தளிப்பது. இதற்கு விஞ்ஞானம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

சான்றிதழின் மெய்ம்மை

2015இல் அரசாங்கம் தொடங்கிய டிஜிலாக்கரும், அதன் வழியே இயங்கும் தேசியக் கல்விச் சான்றிதழ் காப்பகமும், பட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் மின்வடிவில் வைத்திருக்கின்றன. அவை போலி அல்ல என்பதற்கு என்ன சான்று? சான்றிதழின் எழுத்துக்கள் அனைத்தையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்திச் சுருக்க எண் ஒன்று பெறப்படுகிறது. 58 என்பதை 68 எனத் திருத்தினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். வழங்கும் நிறுவனம் தன் இரகசியத் திறவுகோலால் அதற்குக் கையொப்பமிடுகிறது. அனைவரும் அறிந்த பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அக்கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகள், டிஜிலாக்கர் வழியே வழங்கப்படும் ஆவணத்தை மூல ஆவணத்துக்கு நிகராகக் கருதுகின்றன. 2021இல் பல்கலைக் கழக மானியக் குழு வகுத்த கல்வி மதிப்பலகு வங்கியில், மாணவர் பல நிறுவனங்களில் ஈட்டிய மதிப்பலகுகள் ஒரே கணக்கில் சேர்கின்றன. இவ்வளவு இருந்தும், வேலைக்குச் செல்லும் மாணவரிடம் அச்சிட்ட நகலில் அதிகாரியின் கையொப்பம் கேட்கப்படுமானால், குறை கருவியில் இல்லை, நடைமுறையில் உள்ளது.

முறையீட்டின் கடிகாரம்

மானியக் குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு விதிகள், ஒவ்வொரு நிறுவனமும் முறையீட்டுக்கென இணையவழி ஏற்பாடு செய்தல் வேண்டும் என்கின்றன. முறையீடு வந்த 15 நாட்களுக்குள் அது குறைதீர்ப்புக் குழுவுக்கு அனுப்பப்பட வேண்டும். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு பெறாத மாணவர் 15 நாட்களுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும்.

இந்த நாட்கணக்கை மாணவர் அறியாராயின் விதியால் பயன் சிறிது. முறையீடு பதிவானதும் எண் கொடுத்து, இப்போது எவரிடம் உள்ளது, எத்தனை நாள் மீதம், தவணை கடந்தால் அடுத்த படி யாது என்று பக்கம் காட்டுமானால், விதி உயிர் பெறும். தவணை கடந்தவுடன் மேல்முறையீட்டுக்குரிய வழியைத் தானே சுட்டும் பக்கம் மாணவரின் தயக்கத்தையும் நீக்கும். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வாசகத்தை மாதக்கணக்கில் காட்டும் பக்கம் மௌனத்தையே மின்மயமாக்கியதாகும்.

கேளாமலே கூறும் செய்தி

அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக் கழகம் 2016இல் ஒரு சோதனை நடத்தியது. சேர்வதாக ஒப்புக்கொண்ட மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தானியங்கி உரையாடல் நிரல் கைபேசிச் செய்தி அனுப்பி, அவரவர் இன்னும் முடிக்காத வேலையை நினைவூட்டியது. அவர்கள் கேட்ட ஐயங்களுக்கும் விடை கூறியது. மற்றவர்களைக் காட்டிலும் இவர்களில் ஏறத்தாழ 3 சதவிகிதப் புள்ளி கூடுதலானோர் கல்லூரியில் சேர்ந்தனர். பொதுவான அறிவிப்புக்கும், "உமது மருத்துவச் சான்று இன்னும் வரவில்லை" என்னும் தனிச் செய்திக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். இன்றைய செயற்கை அறிவு நிரல்கள் சரளமாகப் பேசுகின்றன. ஆனால் இல்லாத விதியையும் இருப்பதாகச் சரளமாகக் கூறிவிடக்கூடும். ஆகவே கடைசி நாள், கட்டணம், தகுதி ஆகியவற்றை அதிகாரபூர்வப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக் கூறுமாறு அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும். தெரியாதபோது அலுவலரிடம் ஒப்படைக்கவும் வழி அமைக்க வேண்டும்.

எவரும் விடுபடலாகாது

பார்வையற்ற மாணவர் திரையைப் படித்துச் சொல்லும் நிரலின் உதவியால் பக்கத்தைக் கேட்கிறார். படிவத்தின் கட்டத்துக்குப் பெயர் பொறிக்கப்படாவிடில், அவருக்கு "காலிக் கட்டம், காலிக் கட்டம்" என்றே ஒலிக்கும். காகிதத்தைப் படமெடுத்து ஏற்றிய சுற்றறிக்கை அவருக்கு வெற்றுத் தாளே. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. அரசாங்க வலைத்தளங்களுக்கான நெறிகள் 2009 முதல் உள்ளன. இவற்றைப் பின்பற்றுதல் சலுகையன்று, கடமை. அவ்வாறே, சிறிய கைபேசியும் மெதுவான இணைப்பும் உடைய மாணவருக்குப் பக்கம் திறக்க வேண்டும். மாணவரின் சொந்த விவரங்களில் தேவையானவை மட்டுமே கேட்கப்பட வேண்டும். கைபேசியே இல்லாதவருக்காகக் கவுண்டரும் திறந்திருத்தல் வேண்டும். எளிய கேள்விகள் பக்கத்துக்குச் சென்றுவிட்டால், அங்குள்ள குமாஸ்தாவுக்குச் சிக்கலான வழக்குகளைப் பொறுமையாகக் கேட்க நேரம் கிட்டும்.

பயிற்சி

வாசகர்கள் தம் கல்லூரியின் அல்லது பல்கலைக் கழகத்தின் தளத்தைப் பின்வருமாறு சோதித்துப் பார்க்கலாம்.

1. படிவத்தைப் பாதி நிரப்பி மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். எழுதியது இருக்கிறதா?
2. குடும்பப் பெயர் இல்லாத ஒருவர் படிவத்தை முடிக்க இயலுமா?
3. கட்டணம் ஐயத்தில் இருக்கும்போது என்ன செய்வது என்று பக்கம் கூறுகிறதா?
4. எலியைத் தொடாமல், விசைப்பலகை ஒன்றைக் கொண்டே விண்ணப்பத்தை முடிக்க முடிகிறதா?
5. அனுப்பிய விண்ணப்பம் இப்போது எவரிடம் உள்ளது, எந்நாளுக்குள் முடியும் என்பது தெரிகிறதா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்று விடை கிட்டும் தளம், ஒரு மாணவரையேனும் அந்த நெடும் பயணத்திலிருந்து விடுவித்திருக்கும். "இல்லை" என்றால், அச்சோதனையின் முடிவை எழுதிப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தளத்தை அமைத்தவர் பெரும்பாலும் அதனை நகரத்தின் விரைவான இணைப்பில், எல்லாம் சரியாக நடக்கும் வேளையில் மட்டுமே பார்த்திருப்பார். அது தடுமாறும் இடங்களை அறிந்தவர் மாணவரே.